மாத்திரையால் வந்த மூட்டுவலியும் மயிரிழை ஊசியும்

அறுவைச் சிகிச்சை முடிந்தது. கதிர்வீச்சும் முடிந்தது. "இனி தினமும் ஒரு மாத்திரை மட்டும்தான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோயைத் தாண்டி வந்த பெண்ணுக்கு அதைவிட இனிப்பான சொல் வேறில்லை. இரண்டு மூன்று மாதங்கள் போகின்றன. ஒரு நாள் காலையில் கண்விழித்தால் கைவிரல்கள் மடங்க மறுக்கின்றன. பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. வயதாகிவிட்டது போலும் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். பல சமயங்களில் காரணம் அந்தச் சின்ன மாத்திரைதான்.

இந்த வலிக்கு அக்குபஞ்சர் உதவும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே அடிபடுகிறது. பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. "ஊசி போட்டால் ஹார்மோன் சமநிலைக்கு வந்துவிடும், வலி வேரோடு போய்விடும்" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் வெறும் மனப்பிரமை" என்பது மறு கட்சி. இரண்டையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். முதல் கட்சி சொல்வது உண்மையாக இருந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. ஏன் என்று சற்று நேரத்தில் தெரியும். இரண்டாவது கட்சி பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் தவறான பொருள் சொல்கிறது.

## புல்லுக்குப் பாயும் நீர்

வலிக்குக் காரணம் மாத்திரை என்றால், மாத்திரை என்ன செய்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லும் இருக்கிறது, களையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நீர். மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம் வரை இந்தக் களையைப் போன்றவை. அவை குடித்து வளரும் நீர், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். அந்தப் புற்றணுக்களில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்வதற்கென்றே சில புரதங்கள் இருக்கும். அவற்றுக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பியில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தினால் அணுவுக்கு "வளர்" என்று உத்தரவு போய்விடும்.

உத்தரவை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, களையின் வேரருகே வாய்க்காலை அடைப்பது. டாமோக்சிஃபென் என்ற பழைய மாத்திரை அதைத்தான் செய்கிறது. நீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஏற்பிக்குள் மட்டும் புக முடியாது. மற்றொன்று, நீர் ஊறும் இடத்தையே மூடிவிடுவது. நம் கதைக்கு வேண்டியது இந்த இரண்டாவது வழி.

மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் சினைப்பைகளிலிருந்து ஆறு போல வருகிறது. மாதவிடாய் நின்றதும் ஆறு வற்றிவிடுகிறது. ஆனால் நீர் அடியோடு இல்லாமல் போவதில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைச் சுரக்கிறது. கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி அவற்றை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. நொதி என்றால் உடலுக்குள் ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் வேலையாள். இப்படி உடலெங்கும் சிறு சிறு ஊற்றுகள்.

அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்சிமெஸ்டேன் ஆகிய மூன்று மாத்திரைகளும் அந்த வேலையாளின் கையைக் கட்டிவிடுகின்றன. அதனால்தான் இவற்றுக்கு அரோமடேஸ் தடுப்பான்கள் என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்துவிடுகிறது. ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இளம் வயதில் ஊற்றை அடைப்பதில் பயனில்லை. ஆகவே மாதவிடாய் நின்றவர்களுக்கு, அல்லது சினைப்பையின் வேலையை வேறு மருந்தால் நிறுத்தியவர்களுக்குத்தான் இவற்றைத் தருகிறார்கள்.

பலன் சிறியதல்ல. பல பரிசோதனைகளில் பங்கேற்ற 30,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2015-இல் லான்செட் இதழில் வந்தது. டாமோக்சிஃபெனை ஐந்தாண்டு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இந்த மாத்திரையை ஐந்தாண்டு எடுத்தவர்களிடம் பத்தாண்டில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் சுமார் 15 சதவீதம் குறைவு. ஹார்மோன் சிகிச்சையே எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 40 சதவீதம் குறைவு. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசி வரை இவை நம்மோடு வரும்.

## நெல் காயும்போது

ஊற்றை அடைத்தால் களை மட்டுமா காயும்? நெல்லும் காயும். இங்கே நெல் என்பது மூட்டுகள்.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பிலும், மூட்டை உள்ளிருந்து மூடி வழுவழுப்பான நீரைச் சுரக்கும் சவ்விலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உண்டு. அங்கெல்லாம் அழற்சியை அடக்கி வைப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு இருக்கிறது. வலியை நரம்புகள் எவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. திடீரென்று அது விலகிக்கொண்டால் இரண்டு பக்கமும் அவிழ்ந்துவிடுகிறது. இந்த மாத்திரை எடுப்பவர்களின் கை மணிக்கட்டை ஸ்கேன் செய்து பார்த்தபோது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்திருப்பதும் உறை தடித்திருப்பதும் தெரிந்தது. கைப்பிடியின் வலுவும் குறைகிறது. ஆகவே "கை பிடிக்க மாட்டேன் என்கிறது" என்று ஒரு பெண் சொன்னால் அது கற்பனை இல்லை.

இந்த வலிக்கென்று ஒரு முகம் உண்டு. பெரும்பாலும் இரண்டு கைகளிலும், இரண்டு முழங்கால்களிலும் சேர்ந்தே வரும். காலை விறைப்பு அதிகம். சற்று நடமாடினால் இளகும். முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் குருத்தெலும்பு தேய்ந்து வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் வேறு. மாத்திரையை நிறுத்தினால் இந்த வலி பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

எத்தனை பேருக்கு வருகிறது? ஏறக்குறைய பாதிப் பேர் மூட்டுவலியைச் சொல்கிறார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அனாஸ்ட்ரோசோலையும் டாமோக்சிஃபெனையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அட்டாக் என்ற பெரிய பரிசோதனையில், முன்னதை எடுத்தவர்களில் 35.6 சதவீதம் பேரும் பின்னதை எடுத்தவர்களில் 29.4 சதவீதம் பேரும் மூட்டுவலியைக் குறிப்பிட்டார்கள். அந்த வயதில் மூட்டுவலி பொதுவாகவே அதிகம் என்பதை இரண்டாவது எண் காட்டுகிறது. எனவே வருகிற வலி அத்தனையையும் மாத்திரையின் தலையில் போடுவதும் சரியில்லை.

ஆனால் வலி தாங்காமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவில் சுமார் 500 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பக்கவிளைவுகளால் இரண்டு ஆண்டுக்குள் தங்களுக்குத் தரப்பட்ட மாத்திரையை விட்டுவிட்டார்கள். மொத்தப் பெண்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் விட்டதற்குக் காரணம் மூட்டு, தசை வலி. மேலே சொன்ன 15-ஐயும் 40-ஐயும் இப்போது நினைத்துப் பாருங்கள். வலி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: களைக்குப் போகும் நீரை ஊற்றிலேயே அடைக்கிறது மாத்திரை, அதே நீரை நம்பியிருந்த மூட்டுகள் வாடி வலிக்கின்றன. வலியின் காரணம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமை. அந்த இல்லாமைதான் சிகிச்சையும்.

இப்போது முதல் கட்சிக்காரரின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். "ஊசி போட்டால் ஹார்மோன் சமநிலைக்கு வந்துவிடும்." அப்படி நிஜமாகவே ஈஸ்ட்ரோஜன் ஏறிவிட்டால் மூட்டும் குளிரும், களையும் குளிரும். மருத்துவர் அடைத்த ஊற்றைத் திறந்துவிட்டதாக அர்த்தம். நல்லவேளையாக, அக்குபஞ்சரின் பலன் அந்த வழியாக வருவதில்லை. வலியைக் குறைக்க அது பிடிக்கும் வழி வேறு.

## எந்த ஊசி, எங்கே?

ஊசி என்றதும் மருந்து ஏற்றும் ஊசி நினைவுக்கு வருவது இயல்பு. இது அதுவல்ல. உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனான, கால் மில்லிமீட்டரோ அதைவிட மெல்லியதோ ஆன எஃகுக் கம்பி. தோலின் குறிப்பிட்ட இடங்களில் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை செலுத்தி, சுமார் இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டு எடுத்துவிடுவார்கள். செலுத்தும்போது சுருக்கென்ற வலியைவிட, மந்தமாகக் கனப்பது போன்ற உணர்வுதான் அதிகம் என்று பலரும் சொல்கிறார்கள். சில இடங்களில் ஊசிகளுக்கு இடையே லேசான மின்சாரம் செலுத்துவதும் உண்டு. அதற்கு மின் அக்குபஞ்சர் என்று பெயர். விரலால் அழுத்தும் அக்குபிரஷரை இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே சொல்லும் ஆய்வுகள் எல்லாம் ஊசியைப் பற்றியவை.

சீனப் பாரம்பரியம் இதற்குத் தரும் விளக்கம், சீ என்ற உயிராற்றல் உடலில் சில பாதைகளில் ஓடுகிறது, அடைப்பு ஏற்பட்டால் நோய், ஊசி அடைப்பை நீக்குகிறது என்பது. உடலை அறுத்துப் பார்த்தவர்கள் எவரும் அந்தப் பாதைகளைக் கண்டதில்லை. எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல் இல்லை. ஒரு வழக்கம் பயன் தருகிறதா என்பது ஒரு கேள்வி. அதற்குச் சொல்லப்படும் காரணம் சரியா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் கைகலப்பில் முடிகிறது.

## வலி எங்கே இருக்கிறது?

முழங்காலைக் கதவில் இடித்துக்கொண்டால் முதலில் என்ன செய்கிறோம்? யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த இடத்தைத் தேய்க்கிறோம். தேய்ப்பதால் அடிபட்ட திசு அந்தக் கணமே ஆறிவிடுவதில்லை. ஆனாலும் வலி தணிகிறது.

காரணம், வலி என்பது மூட்டில் கிடக்கும் ஒரு பொருளன்று. மூட்டிலிருந்து புறப்படும் செய்தி அது. தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய், மூளை அதைப் படித்த பிறகுதான் "வலிக்கிறது" என்கிறோம். வழியில் தண்டுவடத்தில் ஒரு வாயில் இருப்பதாகவும், தொடுதல் போன்ற வேறு செய்திகள் முண்டியடித்து வந்தால் அந்த வாயில் வலிச் செய்திக்குப் பாதி மூடிக்கொள்வதாகவும் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் விளக்கினார்கள். அந்தக் கோட்பாடு பின்னால் நிறையத் திருத்தப்பட்டது. ஆனால் வலிச் செய்தியை வழியிலேயே கூட்டவும் குறைக்கவும் முடியும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

கூட்டிக் குறைக்கும் பிடி மூளையிடமும் இருக்கிறது. மூளை தானே தயாரிக்கும் வலிநிவாரணிக்கு எண்டார்ஃபின் என்று பெயர். மார்ஃபின் உட்காரும் அதே ஏற்பிகளில் உட்காரும் பொருள். 1970-களில் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கெட்டிக்காரத்தனமான சோதனை செய்தார்கள். நாலோக்சோன் என்ற மருந்து அந்த ஏற்பிகளை அடைத்துவிடும். அக்குபஞ்சர் ஊசியால் வலி குறைந்த பிறகு நாலோக்சோன் கொடுத்தால் என்ன ஆகும்? தணிந்த வலி திரும்பி வந்தது. ஊசி, உடலின் சொந்த மருந்துப் பெட்டியைத் திறக்கிறது என்பதற்கு இது முதல் தடயம். 2010-இல் எலிகளில் செய்த ஆய்வு இன்னொரு தடயம் தந்தது: ஊசியைச் செலுத்தித் திருகும் இடத்தைச் சுற்றி அடினோசின் என்ற பொருள் பெருகுகிறது, அது அருகிலுள்ள நரம்புகளின் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது.

ஆக, ஊசி நரம்பைத் தூண்டுகிறது. தூண்டிய இடத்திலும், தண்டுவடத்திலும், மூளையிலும் வலியின் சத்தம் குறைக்கப்படுகிறது. வானொலியின் ஒலியளவைத் திருகுவது போல. ஒலிபரப்பு நிற்பதில்லை, ஊற்று அடைபட்டது அடைபட்டபடியே இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே.

## போலி ஊசி என்ற புதிர்

இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் குறிப்பிட்ட வலிக்கு உண்மையிலேயே உதவுகிறதா? "எனக்குக் குறைந்தது" என்று பத்துப் பேர் சொன்னால் போதாதா?

போதாது. மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியம் தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் புகழ் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போய்விடுகிறது. இதைக் கழிப்பதற்காக ஆய்வுகளில் ஒரு காத்திருப்புக் குழு வைக்கிறார்கள். அவர்களுக்கு இப்போதைக்கு ஊசி இல்லை, வலியை மட்டும் அளந்துகொண்டே வருவார்கள்.

இன்னொரு கலப்படமும் உண்டு. அமைதியான அறை, படுக்கை, ஒருவர் முழுக் கவனத்தோடு நம்மைக் கேட்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு இவையே வலியைக் குறைக்கும். இதைக் கழிக்கப் போலி ஊசிக் குழு. அக்குபஞ்சர் புள்ளிகள் அல்லாத இடங்களில் ஊசியை மேலோட்டமாகச் செருகுவார்கள், அல்லது நாடகக் கத்தி போலப் பிடிக்குள் வழுக்கிப் போகும், தோலைத் துளைக்காத ஊசியைப் பயன்படுத்துவார்கள். படுத்திருப்பவருக்கு எது அசல், எது போலி என்று தெரியாது. போடுகிறவருக்குத் தெரியும். அதை மறைக்க வழியில்லை. இந்த ஆய்வுகளின் தீராத பலவீனம் அது.

தொடக்கத்தில் வந்த சிறு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2010-இல் வெளியான, சுமார் 40 பெண்கள் பங்கேற்ற ஒன்றில் அசல் ஊசி போலியைத் தெளிவாக வென்றது. 2013-இல் வந்த, சுமார் 50 பேரைக் கொண்ட மற்றொன்றில் இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவரவர் தமக்குப் பிடித்த ஆய்வை எடுத்துக்கொண்டு சண்டை போட இதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அமெரிக்காவில் 11 புற்றுநோய் மையங்களில், அரோமடேஸ் தடுப்பான் எடுத்துக்கொண்டு மூட்டுவலியால் அவதிப்பட்ட 226 பெண்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: 110 பேருக்கு அசல் ஊசி, 59 பேருக்குப் போலி ஊசி, 57 பேருக்குக் காத்திருப்பு. முதல் 6 வாரம் வாரத்துக்கு இரண்டு அமர்வு, அடுத்த 6 வாரம் வாரத்துக்கு ஒன்று. வலியை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லச் சொன்னார்கள்; 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் கற்பனைக்கு எட்டிய மிக மோசமான வலி. முடிவு 2018-இல் ஜாமா இதழில் வெளியானது.

ஆறு வாரத்தில், மோசமான நேரத்து வலி சராசரியாக இறங்கிய அளவு: அசல் ஊசி 2.05 புள்ளி, போலி ஊசி 1.07, காத்திருப்பு 0.99.

## ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு?

அந்த மூன்று எண்களில் முழுக் கதையும் இருக்கிறது, நிதானமாகப் படித்தால்.

சும்மா காத்திருந்தவர்களுக்கே ஒரு புள்ளி இறங்கியிருக்கிறது. ஏறி இறங்கும் வலியின் இயல்பு அது. போலி ஊசிக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட அதே ஒரு புள்ளிதான். அப்படியானால் இந்த ஆய்வில் படுக்கையும் கவனிப்பும் மட்டும் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. அசல் ஊசிக்காரர்களுக்கு இரண்டு புள்ளி. ஊசியின் சொந்தச் சம்பாத்தியம் என்று நியாயமாகச் சொல்லக்கூடியது ஏறத்தாழ ஒரு புள்ளி. தற்செயலாக அமைந்திருக்கும் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம் அல்ல அது. ஓராண்டு கழித்து அளந்தபோதும் ஏறக்குறைய அந்த ஒரு புள்ளி நின்றது.

ஒரு புள்ளி பெரிதா, சிறிதா? இரண்டு புள்ளி இறங்கினால்தான் ஒருவர் அதைத் தன் அன்றாடத்தில் நன்றாக உணர்வார் என்பது ஆய்வாளர்களே வைத்திருந்த அளவுகோல். குழுக்களுக்கிடையிலான வித்தியாசம் அதைத் தொடவில்லை. பலன் உண்டு, ஆனால் அது நடைமுறையில் எவ்வளவு முக்கியம் என்பது உறுதியில்லை என்று அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சராசரி எப்போதும் ஆட்களை மறைக்கும். இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ இறங்கியவர்கள் அசல் ஊசிக் குழுவில் 58 சதவீதம். போலியில் 33, காத்திருப்பில் 31. அதாவது எல்லோருக்கும் ஒரே ஒரு புள்ளி என்று பங்கு பிரிக்கவில்லை. சிலருக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது, சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஒப்பிட ஒரு மாத்திரையையும் பார்க்கலாம். டுலோக்செட்டின் என்பது மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் மருந்து. இதே மூட்டுவலிக்கு அதை 299 பெண்களிடம் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட 12 வாரத்தில் அது கூடுதலாகக் குறைத்தது சராசரி வலியில் 0.82 புள்ளி. இரண்டு ஆய்வுகளும் வலியை ஒரே மாதிரி அளக்கவில்லை, ஆகவே எண்ணுக்கு எண் வைத்துப் பந்தயம் கட்ட முடியாது. இருந்தாலும் இந்த வலிக்கு மாயமருந்து எதுவும் இல்லை, கிடைக்கிற எல்லாமே சிறு உதவிகள்தான் என்பது புரியும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பைச் சோதித்த ஆய்வு இன்னும் வேடிக்கை. 249 பெண்களில் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் வலி நன்றாகக் குறைந்தது, அதற்குப் பதிலாகச் சாதாரணச் சோயா, சோள எண்ணெய் எடுத்தவர்களுக்கும் நன்றாகக் குறைந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

இங்கே இரண்டாவது கட்சிக்காரர் எழுந்து "பார்த்தீர்களா, மனப்பிரமை" என்பார். அவருக்கு 1978-இல் லான்செட்டில் வந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்றுத் திரவத்தைச் சாதாரண ஊசியால் ஏற்றினார்கள், அக்குபஞ்சர் ஊசி அல்ல. சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நாலோக்சோன் கொடுத்ததும் வலி கூடிவிட்டது. எதிர்பார்ப்பால் குறைந்த வலியும் அதே எண்டார்ஃபின் பெட்டியிலிருந்துதான் வந்திருக்கிறது. எதிர்பார்ப்பு தரும் நிவாரணம் பொய் நிவாரணம் இல்லை, அதன் சாவி வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவே. அதற்காக யாரும் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று நான் சொல்லவில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: ஊசிக்குச் சொந்தமான பலன் இருக்கிறது, அது மிதமானது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2022-இல் ஆஸ்கோ எனப்படும் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த மாத்திரைகளால் வரும் மூட்டுவலிக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. சான்றின் தரம் நடுத்தரம் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

## கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

ஊசி பெரும்பாலும் சாதுவானது. மேலே சொன்ன பெரிய ஆய்வில் அதிகம் காணப்பட்ட பக்கவிளைவு, குத்திய இடத்தில் லேசாகக் கன்றிப்போவது: அசல் குழுவில் 47 சதவீதம் பேருக்கு, போலிக் குழுவில் 25 சதவீதம் பேருக்கு. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற உடல் மற்ற உடல்களைப் போன்றதல்ல. வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் தொற்று எளிது. தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ, இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுத்தாலோ கசிவு நிற்காது. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீங்க வாய்ப்புண்டு. அந்தக் கையை ஊசிக்குத் தராமல் விடுவது வழக்கம், வேறு இடங்களில் போட்டுக்கொள்ளலாம். மார்பில் ஆழமாக இறங்கும் ஊசி நுரையீரலின் உறையைத் துளைப்பது மிக அரிது, ஆனால் நடக்காததல்ல. இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு மின் அக்குபஞ்சர் வேண்டாம். ஊசி ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான், பொதி உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. இரண்டு பக்கமும் சேர்ந்து வராமல் ஒரே இடத்தில் புதிதாகக் கிளம்பி, நாளுக்கு நாள் கூடி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலியை ஊசிக்குக் கொண்டுபோகக் கூடாது. அது நோய் எலும்புக்குப் பரவியதன் அறிகுறியாக இருக்கலாம். இந்த மாத்திரைகள் எலும்பின் அடர்த்தியையும் குறைப்பவை, ஆகவே எலும்பு முறிவாகவும் இருக்கலாம். முதலில் ஸ்கேன், பிறகு மற்றவை.

ஊசியோடு சேர்த்து மூலிகைப் பொடி எதையாவது தந்தால், புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போட வேண்டாம். ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் தாவரப் பொருள்கள் உண்டு. அடைத்த ஊற்றுக்குப் பின்கதவு அது. "மாத்திரையை நிறுத்துங்கள், ஊசியே போதும்" என்று எவராவது சொன்னால் அந்த அறையை விட்டு எழுந்து வந்துவிடலாம். அதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

## முயன்று பார்க்க நினைத்தால்

ஊசிக்கு முன்னோ, ஊசியோடு சேர்த்தோ செய்ய வேண்டியது உடற்பயிற்சி. வலிக்கிற மூட்டை அசைக்கச் சொல்வது கொடுமை போலத் தோன்றும். ஆனால் 121 பெண்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற பயிற்சியும் இரண்டு முறை தசை வலுவூட்டும் பயிற்சியும் ஓராண்டு செய்தவர்களுக்கு மோசமான வலி 29 சதவீதம் குறைந்தது. வழக்கம்போல இருந்தவர்களுக்கு 3 சதவீதம் கூடியது.

ஊசியை முயல்வதென்றால், புற்றுநோய் நோயாளிகளுக்குப் போட்டுப் பழகிய, முறையாகப் பயின்றவராகப் பார்த்துப் போங்கள். இரண்டு அமர்வில் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். பெரிய ஆய்வில் முதல் ஆறு வாரத்திலேயே 12 அமர்வுகள் இருந்தன. முதல் அமர்வுக்கு முன்பே ஒரு தாளில் இரண்டு விஷயங்களைக் குறிக்கத் தொடங்குங்கள்: அன்றைய மோசமான வலி 0-க்கும் 10-க்கும் இடையில் எத்தனை, காலையில் விரல்கள் தாராளமாக மடங்க எத்தனை நிமிடம் ஆனது. நினைவை நம்பாதீர்கள். வலியைப் பொறுத்தவரை நினைவு ஒரு மோசமான கணக்குப்பிள்ளை.

ஆறு வாரத்தில் எண் இரண்டு இறங்கியிருந்தால் தொடரலாம். அசையவே இல்லையென்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இந்த மூன்று மாத்திரைகளில் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வது உண்டு. சில வாரம் இடைவெளி விட்டு மாற்றுவதா, டுலோக்செட்டின் சேர்ப்பதா, டாமோக்சிஃபெனுக்குப் போவதா என்று அவர் யோசிக்கத் தொடங்குவது அந்தத் தாளிலிருந்துதான்.